கடைசி வரிசைக்கு ஒரு போன்

சீனாவில் வூஹான் நகரத்து ஜுவான்கோவ் விளையாட்டரங்கத்தின் மூன்றாம் வாசலில் இருபது வருஷத்துக்கு மேல் நின்று பிழைத்தவள் லாஷியாங். எந்தப் பாடகருக்கு எவ்வளவு கூட்டம் வந்தது, யார் கொட்டும் மழையிலும் பாடினார், யார் பாதியில் தொண்டை கட்டிப்போய் வாயை மட்டும் அசைத்தார் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு கச்சேரியைக்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. கேட்டால், "வெளியில நின்னாலே காது கிழியுது, இதுக்கு டிக்கெட் வேறயா?" என்பாள்.

அவளுக்குப் படியளந்தது கடைசி வரிசை. முன்வரிசைக்காரர்கள் காரில் வருவார்கள், காரில் போவார்கள், அவள் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். மலையுச்சி போன்ற கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையில் எறும்பு ஊர்கிறதா பாடகர் ஆடுகிறாரா என்று தெரியாமல் தவிக்கிற பிள்ளைகள்தான் அவளைத் தேடி வந்தார்கள். அதனால் அரங்கம் கட்டிய புண்ணியவானை அவள் அடிக்கடி வாழ்த்துவாள். இன்னும் கொஞ்சம் உயரமாகக் கட்டியிருக்கலாம் என்பதுதான் அவளுடைய ஒரே குறை.

நெசவாலையை மூடியபோது வேலை போய் வெளியே வந்தவள் முதலில் விற்றது பிளாஸ்டிக் பைனாகுலர். கழுத்தில் மாலை மாலையாக மாட்டிக்கொண்டு, "மூக்குத் துவாரம்கூடத் தெரியும், வாங்க வாங்க" என்று கத்தி விற்பாள். பிறகு மேடைக்கு இருபுறமும் பெரிய பெரிய திரை வந்தது, பைனாகுலர் விழுந்தது. கொஞ்ச காலம் மழைக்கோட்டும் மினுக்கு விளக்கும் விற்றாள். அப்புறம்தான் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் போன்கள் வந்தன. ஒரு நாள் வாசலில் ஒரு பெண், கடைசி வரிசை டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள். பொறுக்க மாட்டாமல் லாஷியாங் தன் சொந்தப் போனை எடுத்து நீட்டினாள். "எடுத்துட்டுப் போ. உடைச்சே, உன் எலும்பை உடைச்சிருவேன்." கச்சேரி முடிந்து அந்தப் பெண் திரும்பி வந்தபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்துத்தான் லாஷியாங்குக்குத் தொழில் புரிந்தது. இன்று அவளிடம் ஒரு பை நிறைய ஜூம் போன்கள் இருக்கின்றன. எல்லாம் வாடகைக்கு.

வாடகைப் போன் திரும்பி வருவது மறுநாள் காலை, அரங்கத்துக்கு எதிரே லாவ் ஷியாவின் நூடுல்ஸ் கடையில். வெளியூர்ப் பிள்ளைகள் ரயில் பிடிக்கும் முன்னால் அங்கே வந்து, எள் விழுது போட்ட சூடான நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே படங்களைத் தங்கள் போனுக்கு மாற்றிக்கொள்வார்கள். மேசை நடுவில் ஒரு சிவப்பு பேசின் இருக்கும். படங்களை மாற்றிக்கொண்டவர்கள் வாடகைப் போனை அதில் போட்டுவிட வேண்டும். பேசினில் விழுந்த போனை லாஷியாங் எடுத்து, வாடகைக்கு எடுத்தவர் கண்ணெதிரே, "எடுத்தாச்சா?" என்று ஒரு தடவை கேட்டு, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிடுவாள். அடுத்தவர் படம் ஒன்றுகூடத் தன் கையில் தங்கக் கூடாது என்பதில் அவள் கறார். இளம்பிள்ளைகள் அவளை நம்பியதே அதனால்தான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போன் எல்லாம் போய், பையில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. மூன்று வருஷத்துக்கு முந்திய மாடல், முதுகில் கேமரா வட்டம் தோசைக்கல் மாதிரி பெரிது. புது மாடல் வந்ததிலிருந்து அதை யாரும் சீந்துவதில்லை. அதை வாடகைக்கு எடுக்க வந்தவள் சிறு பெண் அல்ல. லாஷியாங் வயதுதான் இருக்கும். வெயிலில் கறுத்த முகம், நகக்கண்ணில் சேறு. பெயர் தோங்தாவ், ஹோங்ஹு ஏரிப் பக்கம் தாமரைக்கிழங்கு தோண்டுகிற குடும்பம்.

"இதுல ஆள் முகம் தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

"உங்க டிக்கெட் எங்க?"

தோங்தாவ் காட்டினாள். கூரைக்கு அடுத்த வரிசை.

"அடேயப்பா, அங்க இருந்தா விமானம்தான் கிட்ட தெரியும்" என்றாள் லாஷியாங். ஆனாலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். எங்கே விரல் வைத்து இழுப்பது, எங்கே தொட்டால் வீடியோ ஓடும், கை நடுங்காமல் முழங்கையை விலாவோடு எப்படி ஒட்டிக்கொள்வது. "படத்தை உங்க போனுக்கு மாத்தத் தெரியாதா? கவலையே படாதீங்க. காலையில நூடுல்ஸ் கடைக்கு வாங்க. நானே மாத்தித் தரேன்."

"நீங்களேவா?"

"நானேதான். இந்த வாய் சொன்னா சொன்னதுதான்."

ஞாயிறு காலை கடை நிரம்பி வழிந்தது. வழக்கம்போலப் பேச்சு அடுத்த மாதம் வரப்போகிற போனைப் பற்றி. சாங்ஷாவிலிருந்து ஒவ்வொரு ஊர்க் கச்சேரிக்கும் பின்னாலேயே ஓடும் யீநிங் என்ற கல்லூரிப் பெண்தான் அந்தச் சபைக்குத் தலைவி. எங்கோ கசிந்த படத்தை எல்லார் மூக்குக்கு நேராகவும் நீட்டினாள்.

"பாருங்க, தனியா மாட்டிக்கிற லென்ஸ் வருதாம். கை முஷ்டி அளவு. கடைசி வரிசையில இருந்து எடுத்தாலும் அவர் தாடையில இருக்கிற பரு தெரியுமாம்!"

"ஏண்டி, அந்த ஆளோட பருவைப் பாக்கிறதுக்கா இவ்வளவு பாடு?" என்றாள் லாஷியாங்.

"அக்கா, நீங்க புதுசு வாங்கலேன்னா நான் வேற ஆள்கிட்டப் போயிருவேன், சொல்லிட்டேன்."

"போடி போ. போன வருஷமும் இதையேதான் சொன்னே. போன வருஷப் போன் வந்ததும் முந்தின வருஷப் போனைக் குப்பைன்னே. இப்ப இது குப்பை. உங்க ஆளு பாட்டு மாறல, மூஞ்சி மாறல, போன் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை மாறணுமா?"

கடை முழுக்கச் சிரித்தது. லாவ் ஷியா அடுப்படியிலிருந்தே, "லாஷியாங், நீயும் வருஷத்துக்கு ஒரு தடவை லென்ஸ் மாத்திக்கோ, பக்கத்து மேசைக்காரன் காசு கொடுக்காமப் போறது தெரியட்டும்" என்று கத்தினார். அவள் அவருக்குப் பதிலடி கொடுத்தாள், யீநிங்குக்குப் பதிலடி கொடுத்தாள், கை பாட்டுக்கு பேசினிலிருந்த போன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். "எடுத்தாச்சா?" என்று அவள் கேட்கவே இல்லை.

தோங்தாவ் நூடுல்ஸ் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கூச்சத்தோடு கேட்டாள். "அக்கா, என்னுது மாத்திட்டீங்களா?"

"எது?"

"என் போன். எல்லாரும் பேசின்ல போட்டாங்க. வரிசைல வைக்கிறாங்கன்னு நெனச்சு நானும் போட்டேன்."

லாஷியாங் கையைப் பார்த்தாள். அந்தத் தோசைக்கல் போன் கையிலேயே இருந்தது. திரை வெள்ளையாக, புதிதாகப் பிறந்த குழந்தை மாதிரி எந்த மொழி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

போனை மெல்ல மேசைமேல் வைத்தாள். ஊர் முழுக்க அவள் வாய்க்குப் பயப்படும். அந்த வாய் இப்போது சன்னமாகச் சொன்னது. "அழிச்சிட்டேன். நான்தான். கேக்காம அழிச்சிட்டேன்."

தோங்தாவ் திட்டவில்லை. திட்டியிருந்தால் லாஷியாங்குக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கிண்ணத்தைக் குனிந்து பார்த்து, "பரவாயில்லக்கா" என்றாள். கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"உங்க பாடகர் வீடியோ இங்க எல்லார்கிட்டயும் இருக்கு" என்று யீநிங் சமாதானம் சொன்னாள். "எவ்வளவு வேணும்? என்கிட்டயே மூட்டை மூட்டையா இருக்கு."

"பாடகர் வேண்டாம் பாப்பா. எனக்கு அவரைத் தெரியக்கூடத் தெரியாது." தோங்தாவ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் பையன் பின்னாடி ஆடறான்."

அப்புறம் விஷயம் வெளியே வந்தது. மகன் கைலின் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆட்டக்காரனாகப் போகிறேன் என்று வீட்டை விட்டுப் போனான். அப்பா தேஃபு, "இடுப்பை ஆட்டிப் பொழைக்கிறவன் இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்" என்றார். அதோடு பேச்சு நின்றது. பையன் அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவான். பெரிய பாடகரோடு ஊர் ஊராகப் போகிறேன் என்பான். தேஃபு நம்பவே இல்லை. டிவியில் காட்டுகிறார்கள், நெட்டில் காட்டுகிறார்கள், எதிலும் பையன் முகம் இல்லை. கேமரா பாடகர் முகத்தை விட்டு இறங்குவதே கிடையாது, பின்னால் ஆடுகிறவர்கள் பாதிப் பாட்டுக்கு முகமூடி வேறு போட்டிருப்பார்கள். "பெட்டி தூக்கறான், அதைச் சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொல்றான்" என்பது தேஃபுவின் தீர்ப்பு. அந்த மனுஷர் போன வாரம், சேற்றுக் காலோடு சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாராம்.

"'வூஹான்லதானே நடக்குது, போய்ப் பாத்துட்டு வா. இருந்தான்னா எடுத்துட்டு வா, நானும் பாக்கிறேன்'னார். ஆறு வருஷத்துல அவனைப் பத்தி மொத தடவை வாயத் தொறந்தாரு." தோங்தாவ் கைக்குட்டையைச் சுருட்டினாள். "கடைசிப் பாட்டுல முகமூடிய கழட்டிட்டு எல்லாரும் வரிசையா நின்னு கும்பிடுவாங்க. ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தை எடுத்தேன்க்கா. முகம் நல்லா விழுந்துச்சு. இப்ப வெறுங்கையோட போனா, 'பாத்தியா, இல்ல'ன்னுவார். அவர் இன்னொரு தடவை கேக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்."

"பையன்கிட்டயே வாங்கி அனுப்பலாமே?" என்றார் லாவ் ஷியா, கரண்டியோடு வந்து நின்று.

"அவன் அனுப்பினதெல்லாம் தொறந்துகூடப் பாக்கலை. யாருக்கோ காசு கொடுத்து ஜோடிச்சதுன்னுட்டார். நானோ வெளி ஆளோ கண்ணால பாத்து எடுத்தாத்தான் செல்லும்."

லாஷியாங் எழுந்தாள். தலையில் அடித்துக்கொள்ள நேரம் இல்லை. தோங்தாவுக்கு மத்தியானம் பஸ். கிழங்கு தோண்டும் பருவம், கழுவி லாரி ஏற்ற ஆள் வேண்டும். பையன் நின்ற இடத்தை அவளிடம் கேட்டுக்கொண்டு, லாஷியாங் தன்னிடம் போன் எடுக்கும் பிள்ளைகளின் அரட்டைக் குழு ஒன்றுவிடாமல் செய்தி போட்டாள். நேற்று இரவு கடைசிப் பாட்டு, இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆட்டக்காரன், யாரிடமாவது இருக்கிறதா?

பதில்கள் மளமளவென்று வந்தன. எல்லாம் பாடகர். பாடகர் வியர்வை, பாடகர் காதுத் தோடு, பாடகர் தண்ணீர் குடிக்கும் தொண்டை. ஒருத்தி ரொம்பப் பெருமையாக அனுப்பிய படத்தில் பாடகரின் தோளுக்குப் பின்னால் ஒரு முழங்கை இருந்தது. அந்த முழங்கை கைலினுடையதா என்று கடை முழுக்க ஐந்து நிமிஷம் தர்க்கம் நடந்தது. "இல்ல, என் பையன் முழங்கை இவ்வளவு உருண்டையா இருக்காது" என்று தோங்தாவ் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"இன்னைக்கு ராத்திரி இன்னொரு கச்சேரி இருக்கே" என்றாள் லாஷியாங். "யீநிங், நீதானே உள்ள போறே. கடைசிப் பாட்டுல அவனை மட்டும் எடுத்துக் கொடு. அடுத்த மாசம் புதுப் போன் வந்ததும் மொத ஆளா உனக்குத்தான்."

யீநிங் முகம் தொங்கிப்போனது. நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை. "அக்கா, நான் சத்தியம் பண்ணிட்டு உள்ள போனாலும், அவர் கும்பிடறப்ப என் கை தானா அவர் பக்கம் திரும்பிடும். நீங்க என்னை நம்பாதீங்க."

"அப்ப நான் போறேன்."

டிக்கெட் எல்லாம் விற்று மாசக்கணக்காகிறது. ஒவ்வொரு டிக்கெட்டும் அடையாள அட்டை எண்ணோடு கட்டியது, யாரும் தன் டிக்கெட்டை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. யாராவது திருப்பிக் கொடுத்தது மட்டும்தான் மறுபடி விற்பனைக்கு வரும், அதுவும் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அப்படிப்பட்ட டிக்கெட்டைத் தட்டிப் பறிப்பதில் அந்தப் பிள்ளைகளை மிஞ்ச உலகத்தில் ஆள் கிடையாது.

"அடையாள அட்டையக் கொடுங்க" என்றாள் யீநிங். "எல்லாரும் சாப்பாட்ட ஓரமா வைங்க! அக்கா நம்பரப் போடுங்க! விடாம தட்டுங்க!"

அன்றைக்கு லாவ் ஷியாவின் கடையில் நூடுல்ஸ் ஆறி விறைத்துப் போயிற்று. ஒரு மேசைக்காரர்கள் கட்டைவிரலால், இன்னொரு மேசைக்காரர்கள் இரண்டு கையாலும், ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்த ஒருவன் பெட்டியைக் காலால் பிடித்துக்கொண்டு நின்றபடியே. நடுவில் லாவ் ஷியாவும் தன் மாவுக் கையால் போனைத் தட்டி, "என்னுது என்னமோ காய்கறி விளம்பரம் காட்டுது" என்று கத்தினார். வரும், போகும், வரும், போகும். கடைசியில் ரயிலுக்குப் போக வேண்டியவன்தான், "விழுந்துருச்சு!" என்று கூவினான். கூரைக்கு அடுத்த வரிசை. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டான். அவன் பெயரைக்கூட லாஷியாங் கேட்டுக்கொள்ளவில்லை, அதை நினைத்து இன்றைக்கும் வருந்துவாள்.

தோங்தாவ் பஸ் ஏறும்போது லாஷியாங்கின் கையைப் பிடித்துக்கொண்டு அடையாளம் சொன்னாள். "இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. சின்னதுல படகு முனையில விழுந்தது. அவங்க அப்பாதான் தூக்கிட்டு ஓடினார். அது தெரிஞ்சா அவர் நம்புவார்."

சாயங்காலம் வாசல் காவலாளிகள் லாஷியாங்கை உள்ளே வரும் வரிசையில் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன, இன்னைக்கு உள்ளயே கடை போடப் போறியா?" அவள் தன்னிடம் இருப்பதிலேயே நல்ல போனை மார்போடு அணைத்துக்கொண்டு படி ஏறினாள். ஏற ஏற மூச்சு வாங்கியது. இத்தனை வருஷம் இத்தனை பிள்ளைகளை இந்தப் படிதான் ஏறவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. உச்சியில் உட்கார்ந்து கீழே பார்த்தபோது, அன்றைக்குக் கடைசி வரிசை டிக்கெட்டோடு அழுத அந்தப் பெண் ஏன் அழுதாள் என்பதும் புரிந்தது. மேடை தீப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தது.

கச்சேரி எப்படி இருந்தது என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பாடகரை அவள் பார்க்கவே இல்லை. முதல் பாட்டிலிருந்து இரண்டாம் வரிசை மூன்றாவது ஆளையே பார்த்துப் பழகிக்கொண்டாள். விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஓர் எல்லை வரைக்கும் லென்ஸ் தானே பார்த்துக் கொடுக்கும், அதற்கு மேல் போனால் போன் தன் யோசனைப்படி வரைந்து நிரப்ப ஆரம்பித்துவிடும். அந்த எல்லையில் நிறுத்திக்கொண்டாள். முகத்தை மெழுகிக் காட்டும் வசதி, தோலை வெளுக்கும் வசதி, கண்ணைப் பெரிதாக்கும் வசதி எல்லாவற்றையும் அணைத்தாள். பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் சங்கதிகள்தான் அவை. ஆனால் அவை முதலில் விழுங்குவது தழும்பைத்தான்.

கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் இரண்டு காரியம் நடந்தது. முன்னால் இருந்த வரிசைகள் மொத்தமாக எழுந்து நின்று விளக்குக் குச்சிகளை ஆட்டத் தொடங்கின. அவள் கையும் ஆடத் தொடங்கியது. பயத்தில் ஆடியதா, வயதில் ஆடியதா தெரியவில்லை. இவ்வளவு தூரத்தில் கை ஒரு நெல் அளவு அசைந்தால் திரையில் ஆள் ஒரு முழம் ஓடிப்போகிறான். போனில் மேடை துள்ளியது, ஆட்டக்காரர்கள் துள்ளினார்கள், எவன் யார் என்றே தெரியவில்லை.

அப்போது படிகளில் யாரோ தாவித் தாவி ஏறி வருவது தெரிந்தது. யீநிங். வரிசைக்குள் நுழைந்தவள், மேடைக்கு முதுகைக் காட்டி லாஷியாங்குக்கு எதிரே நின்றாள், இரண்டு மணிக்கட்டையும் தன் இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பிடிச்சுக்கறேன். நீங்க எடுங்க."

"உன் ஆளு கும்பிடப் போறான்டி! திரும்பிப் பாரு!"

"பேசாதீங்கக்கா, அசையுது!"

கை நின்றது. ஆனால் முன்னால் விளக்குக் குச்சிகள் காடாக நின்றன. லாஷியாங் தன் வூஹான் தொண்டையைத் திறந்தாள். மூன்றாம் வாசலில் இருபது வருஷம் கூவிய தொண்டை அது. "ஏய் புள்ளைங்களா! ஒரு நிமிஷம் உக்காருங்க! ஒரு அம்மாவோட மகனை எடுக்கணும்!"

அவளுக்கு முன்னால் இருந்த வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். காலையில் நூடுல்ஸ் கடையில் தட்டியவள்தான். அவள் பக்கத்து ஆளைத் தட்டினாள், அவன் அடுத்தவனைத் தட்டினான். இரண்டு வரிசை அப்படியே குந்தியது, விளக்குக் குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டது. தங்கள் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த ஒரு நிமிஷத்தில் அந்தப் பிள்ளைகள் குனிந்து உட்கார்ந்தார்கள். இவர்களுக்கு நான் என்ன செய்திருக்கிறேன், போன் வாடகைக்குக் கொடுத்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவ்வளவுதானே என்று லாஷியாங் நினைத்தாள்.

மேடையில் முகமூடிகள் கழன்றன. மூன்றாவது ஆள் நிமிர்ந்தான். வியர்வை வழியும் முகம், வெட்டுப்பட்ட புருவம், வாய் நிறையச் சிரிப்பு. லாஷியாங் மூச்சு விடவில்லை. அவன் குனிந்து கும்பிட்டு, நிமிர்ந்து, பக்கத்தில் நின்றவனின் தோளில் கைபோட்டு, விளக்கு அணையும் வரைக்கும் அவன் போனுக்குள்ளேயே இருந்தான்.

யீநிங் கையை விட்டுவிட்டுத் திரும்பியபோது மேடை இருட்டாகிவிட்டது. "அழுதாரா?" என்று கேட்டாள், தன் பாடகரைப் பற்றி.

"தெரியாதுடி. நான் பாக்கல."

"சரி விடுங்க, அதான் எல்லாரும் எடுத்திருப்பாங்களே" என்று அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். லாஷியாங் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். யாரையும் கட்டிக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

வீடியோவை அங்கேயே உட்கார்ந்து தோங்தாவுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று காட்டியது. பதில் இல்லை. திங்கள் காலை நூடுல்ஸ் கடையில் போன்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன, லாஷியாங் ஒவ்வொருவரையும் மூன்று மூன்று தடவை கேட்டுக்கொண்டிருந்தாள், கண் மட்டும் தன் போனிலேயே இருந்தது. தேஃபு பார்க்காமலே விட்டுவிட்டாரோ, பார்த்தும் பொய் என்றாரோ என்று அடிக்கொரு தடவை நினைத்தாள்.

வீடியோ அழைப்பு வந்தபோது திரையில் தெரிந்தது தோங்தாவ் இல்லை. மார்பு வரைக்கும் ரப்பர் உடை, காதில் சேறு, பின்னால் ஏரித் தண்ணீர். அழைத்தவர் கேமராவையே முறைத்தார்.

"நீங்கதான் அந்தப் போன்கார அக்காவா?"

"ஆமா."

"நீங்க எடுத்ததுதானே? வேற யாரும் கைவைக்கலையே?"

"நான்தான் எடுத்தேன். என் கண்ணால பாத்து எடுத்தேன்."

தேஃபு தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்தார். மறுபடி கேமராப் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும். இந்த மாதிரி தூரத்துல இருந்து இழுத்து எடுத்தா, ஆளு இருக்கறதைவிட மெலிசாத் தெரியுமா?"

கடையில் எல்லாரும் கிளறுவதை நிறுத்தியிருந்தார்கள். லாஷியாங்குக்கு அந்த மனுஷர் என்ன கேட்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று.

"மெலிசாத் தெரியாது அண்ணே" என்றாள் மெல்ல. "இருக்கறபடிதான் தெரியும்."

"அப்ப அவன் மெலிஞ்சுதான் போயிட்டான்" என்றார் தேஃபு. போனைக் கீழே இறக்கிவிட்டார், திரையில் சேறும் ரப்பர் காலும் மட்டும் தெரிந்தன. அவர் யாரையோ பார்த்துக் கத்துவது கேட்டது. "தோங்தாவ்! ஏய் தோங்தாவ்! பையன் நம்பரு என்ன? எங்க, நீயே போட்டுக் கொடு, என் கையெல்லாம் சேறு!"

அழைப்பைத் துண்டிக்க மறந்து அவர் நடந்து போய்க்கொண்டே இருந்தார். லாஷியாங்கும் துண்டிக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தக் கால்கள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கரைக்கு ஓடுகிற சத்தத்தை, நூடுல்ஸ் கடை மொத்தமும் பார்க்கும்படி, வெட்கமில்லாமல் அழுதபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.